ஒரு மூக்கும் ஒரே ஒரு சாம்பிளும்

இருபத்தேழு வருஷமாக நான் அடுத்தவர் சளியைப் பார்த்துப் பிழைக்கிறேன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியின் ஐந்தாவது மாடியில் கிருமிப் பரிசோதனைக் கூடம். அங்கே மூத்தவள் நான்தான். சளி, சீழ், சிறுநீர், புண்ணைத் துடைத்த பஞ்சு என்று குப்பி குப்பியாக வரும். அதைத் தட்டில் தடவி, சூட்டுப் பெட்டியில் வைத்து, மறுநாள் என்ன முளைத்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. லேபிள் கோணலாக இருந்தால் திருப்பி அனுப்புவேன். குப்பி கசிந்தால் திருப்பி அனுப்புவேன். எடுக்க வேண்டிய இடத்தை விட்டு வேறு இடத்தில் எடுத்திருந்தால், அனுப்பிய டாக்டர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி, போன் போட்டு நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் திருப்பி அனுப்புவேன். கீழ் மாடிகளில் எனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், இங்கே எழுத மாட்டேன்.

ஆன்டிபயாட்டிக் விஷயத்தில் இன்னும் மோசம். தும்மினால் ஒரு மாத்திரை, இருமினால் ஒரு மாத்திரை என்று ஜனங்கள் விழுங்கி விழுங்கி, கிருமிகள் அதையெல்லாம் பழகிக்கொண்டு கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பதை என் தட்டுகளில் தினமும் பார்க்கிறேன். 'தேவையில்லாமல் ஆன்டிபயாட்டிக் சாப்பிடாதீர்கள்' என்று போஸ்டர் அடித்து எல்லா மாடியிலும் ஒட்டினேன். ஒன்று மிச்சமானது. அதைக் கொண்டுபோய்த் தம்பி வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அந்த வீட்டில் யாரும் என்னிடம் போஸ்டர் கேட்கவில்லை.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். அவனுக்கு ஸ்பேனர், மீட்டர் எல்லாம் அப்புறம்தான், முதல் கருவி காது. லிஃப்ட் கூண்டுக்குள் ஏறிக் கதவு மூடியதும் கண்ணையும் மூடிக்கொள்வான். இரண்டு தடவை மேலே கீழே போய் வந்தால் போதும், எது தேய்ந்திருக்கிறது, எது தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். வீட்டில் மட்டும் அந்தக் காது வேலை செய்யாது. குப்பையைக் கொட்டிவிட்டு வரச் சொல்லி அவன் மனைவி மூன்று தடவை கத்தினாலும் அவன் காதில் விழாது. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான்காவது தடவை சொல்கிறேன் என்று எண்ணிக்கையோடு சொல்வாள்.

எங்கள் ஆஸ்பத்திரி லிஃப்டில் ஏறும்போதெல்லாம் மூன்றாவது மாடி தாண்டும் இடத்தில் விரலைத் தூக்குவான். 'கர்ர்க்' என்று ஒரு சத்தம். அரை நொடிகூட இருக்காது. தினமும் ஏறி இறங்குகிற எனக்கே அவன் சொன்ன பிறகுதான் அது கேட்க ஆரம்பித்தது. அப்புறம் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கூண்டு ஓடற தண்டவாளம் சேர்ற இடத்துல உரசுதுக்கா. கொஞ்சம் எண்ணெ போட்டாப் போதும்."

"அப்ப போட்டுட்டுப் போயேன்."

"வேற கம்பெனி லிஃப்ட்டு. அடுத்தவங்க பேஷன்ட் மேல நீ கை வெப்பியா?"

"வெக்க மாட்டேன்," என்றேன். இந்தப் பதிலைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவனுக்கு நோய் வந்தது போன வருஷம். முதலில் மூக்கடைப்பு. பிறகு மூக்கிலிருந்து ரத்தம், காய்ந்த பொருக்கு. கடைசியில் இரண்டு காதும் அடைத்துக்கொண்டன. சளி என்று நினைத்து மூன்று மாதம் ஓட்டினோம். அப்புறம் மூக்கிலிருந்து துளியூண்டு சதை எடுத்துப் பரிசோதித்துவிட்டு, எங்கள் ஆஸ்பத்திரியிலேயே மூட்டு டாக்டரிடம் அனுப்பினார்கள்.

"மூக்குக்கு எதுக்குக்கா மூட்டு டாக்டர்?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியும், இந்த வகை நோய்களையும் அவர்தான் பார்ப்பார், ஆனாலும் அந்தக் கேள்வி நியாயமாகத்தான் இருந்தது.

மூட்டு டாக்டர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. நோயின் பெயரைச் சொன்னார். எங்கள் பரிசோதனைப் படிவத்தில் இரண்டு வரி பிடிக்கிற பெயர். விஷயம் இதுதான்: உடம்பைக் காக்க வேண்டிய படை குழம்பிப்போய்ச் சின்ன ரத்தக் குழாய்களையே தாக்குகிறது. மூக்கு, காது என்று ஆரம்பிக்கும். விட்டால் நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் போய்விடும்.

தம்பி அதைத் தன் மொழியில் மாற்றிக்கொண்டான். "லிஃப்ட்டு வேகமா விழுந்தா பிடிக்கறதுக்குன்னு ஒரு பிரேக் இருக்கும் டாக்டர். எனக்கு அது சும்மா நிக்கும்போதே பிடிக்குது. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்," என்றார் டாக்டர். அன்றிலிருந்து அவருக்கு அவனைப் பிடித்துப்போனது.

ஸ்டீராய்டு கொடுத்தார்கள். படையை அடக்குகிற மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். தம்பியின் முகம் உப்பிப்போய், லைசென்ஸில் இருக்கிற படத்துக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லாமல் ஆனது. ஆனால் காது திறந்தது. ஒரு நாள் லிஃப்டில் இறங்கும்போது மூன்றாவது மாடியில் விரலைத் தூக்கினான். என் முகத்தை அவன் பார்த்துவிடக் கூடாது என்று கைப்பையில் எதையோ தேடினேன்.

அப்போதுதான் டாக்டர் அந்த மாத்திரையை எழுதினார். கோட்ரைமாக்சசோல். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, குறைந்தது ஒரு வருஷம்.

நான் சீட்டை இரண்டு தடவை படித்தேன். "டாக்டர், இது ஆன்டிபயாட்டிக்."

"ஆமா மேடம்."

"இது கிருமியால வந்த நோயே இல்லைன்னு நீங்கதான் சொன்னீங்க."

"இல்லதான். ஆனா இந்த நோய் இருக்கறவங்க பல பேருக்கு மூக்குல ஒரு கிருமி தங்கியிருக்கு. அது இருக்கறவங்களுக்கு நோய் திரும்ப வர்றது அதிகமா இருக்கு. இந்த மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு, முக்கியமா மூக்குல, திரும்ப வர்றது குறைஞ்சிருக்கு. அந்தக் கிருமிதான் படையைச் சீண்டி விடுதான்னு இன்னும் முழுசாத் தெரியல. மாத்திரையே வேற ஏதோ வழியிலயும் வேலை செய்யலாம்."

"தெரியல, செய்யலாம்," என்று திருப்பிச் சொன்னேன். தலையை ஆட்டினேன். நான் அப்படித் தலையாட்டினால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம் இல்லை. அது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், டாக்டருக்குத்தான் தெரியவில்லை.

ஐந்து மாதம் பொறுத்தேன். தினமும் சாயங்காலம் வேலை முடிந்து தம்பி வீட்டுக்குப் போவேன். உப்புத் தண்ணீர் விட்டு அவன் மூக்கைக் கழுவ வேண்டும். அவன் கையில் கொடுத்தால் சட்டையைத்தான் கழுவுவான். நான் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கை கழுவி, அவனை வாஷ்பேசின் முன்னால் குனிய வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் செய்வதுபோல் செய்துவிடுவேன். முடிந்ததும் அவன் அந்தப் பெரிய வெள்ளை மாத்திரையை எடுத்து என் முன்னால் ஆட்டிக் காட்டுவான்.

"பாத்தியா? லிஃப்ட் பட்டன் சைஸுக்கு இருக்கு. இதை முழுங்கினா அஞ்சாவது மாடி போயிடுவேன்." பிறகு ஃபிரிட்ஜில் இருக்கிற போஸ்டரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு விழுங்குவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் சொல்லிவிட்டேன். "உன் மூக்குல அந்தக் கிருமி இருக்கா இல்லையான்னே யாரும் பாக்கல. கண்ணை மூடிக்கிட்டு மருந்து குடுக்கறாங்க. நான் சாம்பிள் எடுக்கறேன்."

"எடு. மூக்கு எங்க போகப் போகுது."

"இப்படியே எடுக்கக் கூடாது. ஆன்டிபயாட்டிக் உள்ள இருக்கும்போது எடுத்தா ஒண்ணும் முளைக்காது. ஒரு வாரம் மாத்திரையை நிறுத்து."

கணக்கு டீச்சர் விடைத்தாள்களிலிருந்து தலையைத் தூக்கினாள். "டாக்டர்கிட்ட கேட்டீங்களா அண்ணி?"

"இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு? இருபத்தேழு வருஷமா எல்லா டாக்டருக்கும் நான்தான் சொல்லிக் குடுக்கறேன், மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சாம்பிள் எடுங்கன்னு."

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எடுக்கறதும், நடுவுல நிறுத்தி எடுக்கறதும் ஒண்ணா அண்ணி?"

சரியான கேள்வி. அதை நான் மதிப்பெண் போடாமல் தாண்டிப் போனேன். "ஒரு வாரம்தானே," என்றேன். அவள் சிவப்புப் பேனாவை மூடி, பிறகு திறந்து, விடைத்தாளுக்குத் திரும்பினாள். நாத்தனாரிடம் அதற்கு மேல் பேசினால் வீட்டில் வேறு பேச்சு வரும் என்று நிறுத்தியிருக்கிறாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

என் தம்பி பிறந்ததிலிருந்து நான் சொன்ன எதையும் கேட்டதில்லை. ஸ்வெட்டர் போடச் சொன்னால் போட மாட்டான். அந்தக் கம்பெனியில் சேராதே என்றேன், சேர்ந்தான். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நான் சொன்னதைக் கேட்டான், அது இந்தத் தடவை.

ஏழாவது நாள் பஞ்சுக் குச்சியால் இரண்டு துவாரத்திலும் சுற்றி எடுத்தேன். தட்டில் தடவினேன். மூன்று நாள் பார்த்தேன். ஒன்றுமில்லை. துடைத்து வைத்த மாதிரி தட்டு.

"கிருமி இல்ல," என்று அறிவித்தேன். "மாத்திரை தேவையில்ல."

"டாக்டர்கிட்ட சொல்லணுமே?"

"நான் சொல்லிக்கறேன்."

சொல்லவில்லை. முதல் வாரம் டாக்டர் விடுப்பில் இருந்தார். இரண்டாவது வாரம் எனக்கு வேலை. மூன்றாவது வாரத்திலிருந்து, போய்ச் சொன்னால் அவர் தாழ்ந்த குரலில் ஏதாவது கேட்பார், அதற்கு என்னிடம் பதில் இருக்காது என்று உள்ளே எங்கேயோ எனக்குத் தெரிந்திருந்தது. ஒரே ஒரு சாம்பிள். அதுவும் ஐந்து மாதம் மருந்தில் ஊறிய மூக்கில், வெறும் ஏழு நாள் இடைவெளியில். வேறு யாராவது இதை வைத்துக்கொண்டு என்னிடம் வந்திருந்தால், 'இன்னொரு தடவை எடுத்துக்கிட்டு வாங்க' என்று விரட்டியிருப்பேன். எனக்கு வேண்டிய பதில் முதல் தடவையே வந்துவிட்டதால் இரண்டாவது சாம்பிள் எடுக்கத் தோன்றவில்லை.

பத்து வாரம் கழித்து, வழக்கமான ரத்தப் பரிசோதனைக்கு அவனை அழைத்துக்கொண்டு போனேன். லிஃப்டில் ஏறினோம். முதல் மாடி, இரண்டாவது மாடி. மூன்றாவது மாடி தாண்டியது. 'கர்ர்க்'.

அவன் விரலைத் தூக்கவில்லை. எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"டேய், சத்தம்?"

அவன் திரும்பி என் வாயைப் பார்த்தான். கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தான். "என்னக்கா?"

ஐந்தாவது மாடியில் கதவு திறந்தது. யாரோ ஏறினார்கள். நாங்கள் இறங்காமல் மறுபடி கீழே போனோம். மறுபடி அந்தச் சத்தம். அவன் சிரித்து மழுப்பினான். அவன் சட்டைப் பையிலிருந்த கைக்குட்டையை இழுத்தேன். மடிப்புக்குள் பழைய ரத்தக் கறை.

"எத்தனை நாளா?" என்று அவன் காதுக்குப் பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"மூணு வாரம் இருக்கும். கம்பெனில கண்டுபிடிச்சிட்டாங்க. காது கேக்காதவன ரிப்பேருக்குக் கூண்டு மேல ஏத்த மாட்டோம்னு சொல்லி, புகார் போன் எடுக்கற சீட்டுல உக்கார வெச்சாங்க. காது கேக்காதவன போன் எடுக்கச் சொன்னாங்கக்கா. ரெண்டு நாள் எல்லாருக்கும் சரி சரின்னு சொன்னேன். எந்த லிஃப்ட்டு எங்க நிக்குதோ தெரியாது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏன்டா என்கிட்ட சொல்லல? தினமும்தானே வர்றேன்."

"நீதான் கிருமி இல்லைன்னு சொன்னியே. திரும்ப வந்துடுச்சுன்னா உன் ரிப்போர்ட்டு தப்புன்னு ஆயிடும். தானா சரியாகுதான்னு பாத்தேன்."

எனக்காகத் தன் காதை வைத்துச் சூதாடியிருக்கிறான், மடையன். அவனை அங்கேயே ஓங்கி அறைந்திருப்பேன், ஆனால் அறை வாங்க வேண்டிய ஆள் நானாக இருந்தேன்.

டாக்டர் மூக்கைப் பார்த்தார், காதைப் பார்த்தார், ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார். சிறுநீரகம் வரை போகவில்லை என்றார். அதன் பிறகு அவர் தம்பியிடம் சத்தம் உயர்த்திக் கேட்டார். அவர் சத்தம் உயர்த்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை, அதுவும் அவன் காதுக்காக.

"அந்த வெள்ளை மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டீங்களா?"

தம்பி என் பக்கம் திரும்பவே இல்லை. "மறந்துட்டேன் டாக்டர்."

"எத்தனை நாள்?"

"கொஞ்ச நாளா."

டாக்டர் அவனைக் கண்டித்தார். உங்க காது, உங்க வேலை, உங்க குடும்பம் என்று மெதுவாக, ஒவ்வொன்றாக. அவன் தலையைக் குனிந்து, எல்லாத் தப்பும் செய்தவன் மாதிரி கேட்டுக்கொண்டான். நடிப்பில் இவ்வளவு திறமை இருப்பதை அன்றுதான் பார்த்தேன். டாக்டர் ஃபைலில் எழுதினார்: நோயாளி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அடுத்தவர் தப்பை ஐந்து மாடிக்கும் கேட்கும்படி சொல்கிற வாய், அன்றைக்குத் திறக்கவே இல்லை.

மறுபடி ஸ்டீராய்டு. மறுபடி சொட்டு மருந்து. மறுபடி அந்த வெள்ளை மாத்திரை. மூன்று மாதம் கழித்துக் காதுப் பரிசோதனை, அதில் தேறினால்தான் லிஃப்ட் வேலை என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

டாக்டர் கண்டித்த அன்று சாயங்காலம் அவனுக்கு மூக்குக் கழுவப் போனேன். தம்பி உள்ளே படுத்திருந்தான். கணக்கு டீச்சர் சமையலறையில் நின்றிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். எதற்கும் தயாராகத்தான் போயிருந்தேன்.

"அண்ணி," என்றாள், "நீங்க ஒரு தடவையாவது தோத்துப் போகணும்னு நான் ரொம்ப நாளா நினைச்சிருக்கேன். பொய் சொல்லல. ஆனா இதுல வேணாம்னுதான் நினைச்சேன்." சொல்லிவிட்டு எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் டாக்டர் அறைக்குப் போய் நின்றேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. "அவன் மறக்கல டாக்டர். நான்தான் நிறுத்தினேன்." எல்லாவற்றையும் சொன்னேன். ஃபைலில் எழுதியதை அடித்துவிட்டு என் பெயரை எழுதச் சொன்னேன்.

அவர் அந்த வரியை அடித்தார். "உங்க பேர் எழுத இதுல இடம் இல்ல மேடம்," என்றார். பிறகு நான் பயந்தபடியே தாழ்ந்த குரலில் கேட்டார். "எத்தனை சாம்பிள் எடுத்தீங்க?"

"ஒண்ணு."

அவர் ஃபைலை மூடி வைத்தார். "மாத்திரை சாப்பிட்டாலும் சில பேருக்குத் திரும்ப வரும். நிறுத்தினதாலதான் வந்துச்சுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது," என்றார்.

ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அது தண்டனையாக இருந்தது. தப்பு என்றால் தப்பு என்று முளைக்க வேண்டும், இல்லையென்றால் தட்டு சுத்தமாக இருக்க வேண்டும். முளைத்ததா இல்லையா என்று கடைசிவரை தெரியாத ஒரு தட்டை நான் சாகும்வரை கையில் வைத்திருக்க வேண்டும்.

"இப்ப மறுபடி எடுங்க. வீட்டுல எல்லாருக்கும் எடுங்க," என்றார். "தினமும் கூட இருக்கறவங்க எல்லாருக்கும்."

மூன்று மூக்கு. தம்பி, அவன் மனைவி, நான். எனக்கு எடுப்பது வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துக்கொண்டுதான் குச்சியை விட்டேன். மறுநாள் சூட்டுப் பெட்டியைத் திறந்தேன். தம்பியின் தட்டில் மஞ்சள் நிறத்தில், பொன்னிறம் என்றே சொல்லலாம், பளபளவென்று புள்ளி புள்ளியாக முளைத்திருந்தது. டாக்டர் சொன்ன அதே கிருமி. கணக்கு டீச்சரின் தட்டு சுத்தம், அவள் போடும் கணக்கு மாதிரி. மூன்றாவது தட்டை எடுத்தேன். லேபிளைப் பார்த்தேன். கோணலாக இல்லை, நேராகத்தான் ஒட்டியிருந்தேன். தம்பியின் தட்டைவிட அதிகமாக முளைத்திருந்தது.

தினமும் சாயங்காலம் முழங்கை வரை சோப்புப் போட்டேன். மூக்கை யார் கழுவினார்கள்? அவன் முகத்துக்கு ஒரு ஜாண் தூரத்தில் என் முகத்தை வைத்துக்கொண்டு, சுத்தத்தைப் பற்றி அவனுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்.

இந்தத் தடவை மறைக்கவில்லை. தட்டை மூடியோடு பையில் சுற்றி எடுத்துக்கொண்டு நேராக டாக்டரிடம் போனேன்.

"யார்கிட்ட இருந்து யாருக்குப் போச்சுன்னு இதை வெச்சுச் சொல்ல முடியாது மேடம். நாலஞ்சு பேர்ல ஒருத்தர் மூக்குல இது சும்மாவே இருக்கும்," என்றார். அவர் வாய் ஓரம் லேசாகத் துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. மன்னித்துவிட்டேன். எனக்கும் மூக்கில் தடவ ஒரு ஆன்டிபயாட்டிக் களிம்பு எழுதிக் கொடுத்தார்.

செய்தி தம்பிக்குப் போனதும் வீட்டில் ஒரே கொண்டாட்டம். காது சரியாகக் கேட்காத காலத்திலும் இது மட்டும் அவனுக்கு முதல் தடவையே கேட்டது.

"இவ்வளவு நாளா தங்கம் உன்கிட்டதான் இருந்துச்சா?" என்றான். "ஒரு வார்த்தை சொல்லல பாரு."

அன்றிலிருந்து வேஷம் மாறியது. நான் போனதும், "கை கழுவியாச்சா? மூக்கு? களிம்பு போட்டியா? காட்டு," என்று கேள்வி கேட்பான். ஃபிரிட்ஜில் இருந்த என் போஸ்டருக்குக் கீழே, 'தேவை இருந்தால் அக்காவும் போட்டுக்கொள்ளலாம்' என்று பேனாவால் எழுதி வைத்தான். கணக்கு டீச்சர் அதில் ஒற்றுப்பிழை இல்லை என்று சிவப்பு மையில் ஒரு டிக் போட்டிருந்தாள். இந்த ஆட்டத்தில் நாள் போனது. ஆனால் ஒன்று மட்டும் நடக்கவில்லை. அவனிடம் ஒரு மன்னிப்புக் கேட்க நான் வாயைத் திறக்கும்போதெல்லாம், "என்ன, களிம்பு தீந்துடுச்சா?" என்று ஆரம்பித்துவிடுவான். கேட்க வேண்டாம் என்று தடுத்தானா, கேட்டால் நான் உடைந்துவிடுவேன் என்று பயந்தானா, தெரியாது. டாக்டரிடம் சொன்னேன், அவன் மனைவியிடம் சொன்னேன். யார் காது போனதோ அவனிடம் சொல்லவில்லை.

மூன்று மாதம் முடிந்தது. காதுப் பரிசோதனை அறை எங்கள் மாடியிலேயே, மறுகோடியில். கண்ணாடிக் கூண்டுக்குள் அவனை உட்கார வைத்து, காதில் கருவியை மாட்டி, கையில் பட்டன் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். நான் வெளியில் நின்றேன். எனக்குச் சத்தம் கேட்காது, அவன் கட்டைவிரல் மட்டும் தெரிந்தது. இடது காதுக்கு விரல் அமுங்கிக்கொண்டே இருந்தது. வலது காதுக்கு மாற்றினார்கள். விரல் சும்மா இருந்தது. வெகு நேரம் கழித்து ஒரு தடவை அமுங்கியது. அவன் கண்ணை மூடி, நெற்றியைச் சுருக்கி, இல்லாத சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தான். நான் கைப்பையில் எதையும் தேடவில்லை. பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

இடது காது தேறியது. வலது காதில் பாதிக்கு மேல் போனது போனதுதான், திரும்பாது என்றார்கள். வேலைக்குப் போகலாம், ஆனால் கூண்டு மேல் தனியாக ஏறக் கூடாது, எப்போதும் கூட ஒரு ஆள் வேண்டும் என்று சான்றிதழில் எழுதினார்கள்.

"நல்லதாப் போச்சு," என்றான் தம்பி. "டார்ச் பிடிக்க ஆள் கிடைச்சாச்சு." தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தான். இருபது வருஷமாகத் தனியாக ஏறியவன் அவன்.

லிஃப்டில் ஏறினோம். நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். நான் அவனுக்கு வலது பக்கம் நின்றேன். கதவு மூடியது. நேராகப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னேன்.

"தப்பு பண்ணிட்டேன்டா. மன்னிச்சுக்கோ."

அவன் எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்பாடா, சொல்லியாயிற்று என்று ஒரு நிம்மதி வந்தது. வந்த அடுத்த நொடியே என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. எந்தக் காது கேட்காதோ அந்தக் காதில் சொல்லியிருக்கிறேன். வேறு இடத்தில் எடுத்த சாம்பிள். இப்படிப்பட்டதை எத்தனை ஆயிரம் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அவனைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போய் நின்றேன். குரலைக் குறைக்கவில்லை. "தப்பு பண்ணிட்டேன். என் பிடிவாதத்தால உன் காது போச்சு. என்னை மன்னிச்சுக்கோ."

அவன் விரலைத் தூக்கினான். 'கர்ர்க்'. மூன்றாவது மாடி தாண்டியது.

"இன்னும் எவனும் எண்ணெ போடல," என்றான்.

"டேய், நான் சொன்னது கேட்டுச்சா இல்லையா?"

"மொதல் தடவையே தெரிஞ்சுது. எதிர்ல பாரு." எதிரே இருந்த எஃகுக் கதவில் நாங்கள் இரண்டு பேரும் கலங்கலாகத் தெரிந்தோம், என் வாய் உட்பட. "மூணு மாசமா வாயப் பாத்துத்தானே பேசறேன்."

"அப்புறம் ஏன் கல்லு மாதிரி நின்ன?"

"ரெண்டாவது சாம்பிள் எடுக்கறியான்னு பாத்தேன்," என்றான்.